பீரோ

தரமணியில் நான்காவது மாடி. ஜன்னல் இல்லாத அறை.
முப்பத்தேழு டிகிரியில்
ஒரு பெண்ணின் மார்பிலிருந்து வந்த கட்டியில்
கடுகில் பாதி.
பெயர் எனக்குத் தெரியும், சொல்லக் கூடாது.
டப்பாவின் மேல் ஆர்-41.

பத்து நிமிடத்துக்கு ஒரு படம்.
இரவு முழுக்க கேமரா எடுக்கும்,
காலையில் வந்து ஓட்டிப் பார்ப்போம்.

ஒப்புதல் படிவம் வாங்கப் போனது நான்தான்.
கையெழுத்துப் போட்டு பேனாவை மூடிவிட்டுக் கேட்டாள்:
"மார்ல இருந்தது முதுகெலும்புக்கு எப்படிம்மா போச்சு?
நடந்தா?"

ரத்தத்தில் கலந்து போகும் என்றேன்.
பாதி பதில் அது.
பஸ் ஏறிவிட்டால் பஸ் கொண்டுபோய்விடும்.
ஸ்டாப் வரை வந்து சேர்வதுதான் பாடு.

முதலில் ஒரு விரல் நீள்கிறது.
நாரைத் தொட்டு, பிடித்து, இழுக்கிறது.
எங்கள் தெருவில் தலைக்குமேல் தொங்கும் கேபிள் ஒயர்கள்போல
குறுக்கும் நெடுக்குமாய் நார்கள்.
இடுக்கு போதாதபோது
நொதியைக் கசியவிட்டு நாரை வெட்டுகிறது.
முன்னால் போனது வெட்டிய சந்தில்
பின்னால் வருவது வெட்டாமலே வருகிறது.

அதே வாரம்தான் ஐஸ் ஹவுஸ் வீட்டைக் காலி செய்தோம்.
குட்டியானை சந்துக்குள் வராது.
மெத்தை மடிந்தது, பாய் சுருண்டது,
சைக்கிள்கூட ஹேண்டிலைத் திருப்பிக்கொண்டு இறங்கியது.
பீரோ மட்டும்
மாடிப்படித் திருப்பத்தில் நின்றுவிட்டது.

செல்லுக்குள்ளும் ஒரு பீரோ உண்டு.
மற்றதெல்லாம் கூழ், எங்கேயும் நுழையும்.
நடுவில் இருக்கும் கரு சுலபத்தில் வளையாது.
பத்திரம், நகை, பிறந்த நேரம் குறித்த தாள்
எல்லாம் அதற்குள்.

"உள்ள இருக்கறத எடுத்துட்டீங்களா?" என்றார் தணிகாசலம்.
சாவி தொலைந்து இரண்டு வருடம் என்றேன்.
"அப்ப சாய்ச்சுதான் பார்க்கணும்."

வியாழன் இரவு மருந்து விட்டோம்,
கத்தரிக்கோலின் வாயைக் கட்டும் மருந்து.
வெள்ளி காலை ஓட்டினால்
இரண்டு நாற்பதுக்கு எல்லாம் நின்றிருந்தன.
அசைவில்லை. பெர்னதெத் மேசையைத் தட்டினாள்.
மிச்சப் படத்தை ஓட்டாமலே
டீ குடிக்கப் போனோம். அவள்தான் காசு கொடுத்தாள்.
கூட ஆளுக்கொரு வாழைக்காய் பஜ்ஜி.

திரும்பி வந்து ஓட்டினோம்.

நான்கு பத்துக்கு
ஒன்று தன் விரல்களை உள்ளிழுத்து உருண்டையானது.
வெட்டவில்லை. எதையும் பிடிக்கவில்லை.
ஒரு பக்கம் கொப்புளமாய்ப் பிதுங்கி
அந்தக் கொப்புளத்துக்குள் தன்னைத்தானே ஊற்றிக்கொண்டது.
இடுக்கில் கரு நெரிந்தது,
நடுவில் இறுக்கிய சுருக்குப்பைபோல.
உறை கிழிந்து உள்ளிருந்த பச்சை ஒளி சிந்தியது.
எட்டுப் படங்கள்.
ஒன்பதாவதில் கிழிசல் மூடியிருந்தது.
பத்தாவதில் அது அந்தப் பக்கம் இருந்தது.

பெர்னதெத் எதுவும் சொல்லவில்லை.
கை எண்ணெயை டிஷ்யூவில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மடிப்பாக்கத்தில் எங்கள் பீரோவின் இடது பக்கம்
இப்போது நெளிந்திருக்கிறது.
பூட்டுக்காரர் வந்து திறந்து கொடுத்தார்,
அதன்பிறகு கதவு முழுதாய்ச் சாத்துவதில்லை.
நெளிந்த பீரோ அடுத்த முறை இன்னும் சுலபமாய் இறங்கும்.
இதைத் தணிகாசலம் சிரிப்புக்காகச் சொன்னார்.

பல ஆயிரம் புறப்பட்டால்
ஒன்றிரண்டுதான் வேறிடத்தில் வேர்பிடிக்கும் என்று படித்திருக்கிறேன்.
ஆறுதல் போலத்தான் இருக்கிறது
டப்பாவின் மேலிருக்கும் எண்ணைப் பார்க்காதவரை.

ஊர்கிறது என்று என் நோட்டில் எழுதிவிட்டு
அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஊர் அதற்குள் எப்படி வந்து உட்கார்ந்தது?

செவ்வாய்க்கிழமை இன்னொரு படிவத்தோடு போக வேண்டும்.
மறுபடி கேட்டால் சொல்ல
ஒரு வரிதான் வைத்திருக்கிறேன்:
நடக்கலக்கா.
நீங்க எப்பவாவது வீடு மாத்தியிருக்கீங்களா?